தண்டவாளம் போட்ட தாளம்



முப்பத்தெட்டு ஆண்டுகள் ரயில் பாதையிலேயே நடந்து ஓய்வு பெற்றவன் நான். தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி, இந்த மூன்றும்தான் எனக்குத் தெரிந்த சுரங்கள். கச்சேரிக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர் தலையை ஆட்டும்போது நானும் ஆட்டுவேன். அப்படிப்பட்டவன் பாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கிற உரிமை உங்களுக்கு, எழுதுகிற ஆசை எனக்கு.

போன கோடையில் இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீட்டில் ஆறு வாரம் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை மருமகன் வந்து, "மாமா, பக்கத்து ஊர் ஹால்ல கன்ட்ரி மியூசிக் இருக்கு. சும்மா உட்கார்ந்து போரடிக்கிறதுக்கு வாங்களேன்" என்றார். போனேன். வயலின், பாஞ்சோ, கிடார், டிரம் என்று ஐந்து பேர் கொண்ட குழு. நம் ஊரில் கல்யாண மண்டப வாசலில் தாம்பூலப் பை வைப்பதுபோல் வாசலில் ஒரு மேஜை போட்டு, தங்களுடைய புதிய ஆல்பத்தை அடுக்கி வைத்திருந்தார்கள். மேடையேறிய பெண் முதலில் சொன்னது இதுதான்: இன்று பாடப்போவது எல்லாம் நாங்களே எழுதிய பாட்டு, உட்கார்ந்து கேட்காதீர்கள், எழுந்து ஆடுங்கள்.

தாளம் அமெரிக்காவினுடையது. ஆனால் பாட்டுக்குள் இருந்தது அந்த ஊர்தான். அந்த ஊர் ஆறு, மூடிப்போன கடை, ஓடாமல் நின்றுபோன பஸ் எல்லாம் வந்தன. இரண்டாவது பாட்டில் எழுபது வயதுப் பாட்டிகள்கூட வரிசையாக நின்று ஆட ஆரம்பித்துவிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. ஆனால் நாற்காலிக்கு அடியில் என் வலது கால் என்னைக் கேட்காமலே தட்டிக்கொண்டிருந்தது. மருமகன் அதைப் பார்த்துவிட்டார். மரியாதை கருதிச் சிரிக்கவில்லை.

அன்று இரவு படுக்கையில் எனக்கு இரண்டு நினைவுகள் வந்தன. ஒன்று, லாலாகுடா. மற்றொன்று, நம் ஹைதராபாத்தில் நான் ஒரு முறை செய்த தவறு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

லாலாகுடாவில் ஒரு டிசம்பர்

சொந்த ஊர் தூத்துக்குடி. டிப்ளமா முடித்து 1980இல் தென்மத்திய ரயில்வேயில் பாதை ஆய்வாளர் வேலைக்குச் சேர்ந்தேன். பி.டபிள்யூ.ஐ. என்பார்கள். செகந்திராபாத்துக்கு வந்தபோது எனக்குத் தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. "நக்கோ" என்றால் வேண்டாம் என்று கற்றுக்கொள்ளவே ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் வேண்டாத டீ எத்தனையோ குடித்துவிட்டேன்.

செகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது லாலாகுடா. நிஜாமின் ரயில்வேக்காக 1893இல் அமைந்த தொழிற்சாலை அங்கே உண்டு. அதைச் சுற்றி எழுந்த ரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. டிரைவர், கார்டு, ஃபோர்மன் என்று மூன்று தலைமுறையாக ரயில்வேயை நம்பி இருந்தவர்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் அவர்கள் நடனம் வைப்பார்கள். 1981 டிசம்பரில் என்னோடு வேலை பார்த்த ஒரு மெயில் டிரைவர் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனார். மஞ்சள் சோறும் கொத்துக்கறி உருண்டைக் குழம்பும் அங்கேதான் முதன்முதலாகச் சாப்பிட்டேன் என்பது என் வீட்டில் அந்நாளில் யாருக்கும் தெரியாது.

சாப்பாடு முடிந்ததும் பேண்ட் தொடங்கியது. முதலில் வால்ட்ஸ், பிறகு ஜைவ். இடையிடையே கன்ட்ரி பாட்டு. ஜிம் ரீவ்ஸ் பெயரைச் சொன்னாலே அவர்கள் கண்ணில் நீர் கட்டும். ரீவ்ஸ் 1964 ஜூலை 31 அன்று விமான விபத்தில் இறந்துபோன அமெரிக்கப் பாடகர். ஆனால் லாலாகுடாவில் அவர் போன வாரம் காலமான சித்தப்பா மாதிரி. பாட்டியும் பேரனும் ஒரே பாட்டுக்குச் சேர்ந்து ஆடியதை அன்றுதான் பார்த்தேன். நம் வீடுகளில் பாட்டி உட்கார்ந்து பாடுவாள். பேரன் எழுந்து ஓடிவிடுவான்.

அந்த டிரைவர் பின்னாளில் ஒரு முறை என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "என்ன மேன், நாங்க டென்னிசியைப் பத்திப் பாடறோம், டெக்சஸைப் பத்திப் பாடறோம். என் அப்பா என்ஜின் ஓட்டினது காஜிபேட்டுக்கு. காஜிபேட்டைப் பத்தி ஒரு பாட்டு உண்டா?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். பிறகு அவர் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். பின்னால் அவரும் போனார். அந்த நடனக் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்ததை நானே பார்த்தேன். நான் போன வரையில் காஜிபேட்டைப் பற்றி ஒரு பாட்டு அங்கே கேட்கவில்லை.

மேஸ்திரி மகன்

கன்ட்ரி இசைக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. 'கன்ட்ரி இசையின் தந்தை' என்று அமெரிக்கர்கள் சொல்லும் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1897இல் பிறந்தவர். அவருடைய அப்பா என்ன வேலை பார்த்தார் தெரியுமா? ரயில் பாதை பராமரிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி! நம்முடைய துறை! பையனாக இருந்தபோது ஜிம்மி அந்த ஆட்களுக்குக் குடிக்கத் தண்ணீர் சுமந்தார். பெரியவனானதும் ரயிலில் பிரேக் போடும் வேலை. காசநோய் வந்ததால் அந்த வேலையை விட்டார். 1927 ஆகஸ்டில் டென்னிசியின் பிரிஸ்டல் நகரத்தில் முதன்முதலாக அவர் குரல் இசைத்தட்டில் பதிவானது. 1933இல், முப்பத்தைந்து வயதில் இறந்தார். இடையில் கிடைத்தது ஆறே ஆண்டுகள்.

அவர் பாட்டைக் கற்றுக்கொண்டது எங்கே? பாதையில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களிடம். ஒருவன் ஓர் அடி பாடுவான். மற்றவர்கள் கடப்பாரையைச் சேர்த்து நெம்பித் தண்டவாளத்தை நகர்த்துவார்கள். கால், கை, குரல் மூன்றும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். அந்த அசைவு நடனம்போல இருப்பதால் அவர்களுக்கு 'காண்டி டான்ஸர்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

இதை நான் படித்தபோது எனக்கு வியப்பே இல்லை. என் கேங்மேன்கள் செய்ததும் இதுதானே! வெயிலில் பாதையை நகர்த்தும்போது மேஸ்திரி தெலுங்கில் ஓர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் "ஐலசா" போட்டு நெம்புவார்கள். அந்த அடிகள் எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. அன்று அந்த நேரத்தில் பிறந்தவை. மேஸ்திரியின் மாமியார் வருவார், சந்தை விலை வரும், சில நாள் பி.டபிள்யூ.ஐ.யும் வருவார். எனக்குத் தெலுங்கு புரியத் தொடங்கிய பிறகுதான், புதிதாக வந்த தமிழ் அதிகாரியின் தொப்பியைப் பற்றி மூன்று மாதமாகப் பாடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. பாதை நேராக இருந்தது; அது போதும்.

நாற்பத்தேழு வினாடிக் கணக்கு

இன்னொரு விஷயம். ரயிலில் போகும்போது முன்பெல்லாம் 'டக-டக், டக-டக்' என்று ஓசை கேட்குமே, நினைவிருக்கிறதா? நம் அகலப் பாதைத் தண்டவாளத்தின் வழக்கமான நீளம் 13 மீட்டர். ஒரு தண்டவாளமும் அடுத்த தண்டவாளமும் சேரும் இடத்தில் சிறிய இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் போட்டிருப்போம். வெயிலில் இரும்பு நீளுமல்லவா, அதற்குத்தான் இடைவெளி. பெட்டிக்கு அடியில் இருக்கும் முன் சக்கரமும் பின் சக்கரமும் அந்த இடைவெளியில் அடுத்தடுத்து விழுவதால் அந்த இரட்டைத் தட்டு.

இதிலிருந்து வண்டியின் வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். கடிகாரத்தைப் பார்த்து 47 வினாடிக்குள் எத்தனை இரட்டைத் தட்டு என்று எண்ணுங்கள். அறுபது என்றால் மணிக்கு 60 கிலோமீட்டர். என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததே இப்படித்தான். அந்த வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் எழுபத்தேழு இரட்டைத் தட்டு வரும். ஜைவ் ஆடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கால் தானாக எழும் வேகம் என்பார்கள்.

அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷின் குழுவில் வரும் 'பூம்-சிக்க-பூம்' தாளம் ரயில் ஓடுவதுபோலவே இருக்கும். டிரம் இல்லாத குறையைத் தீர்க்க அவர் கிடார் கம்பிகளுக்கு இடையில் காகிதத்தைச் செருகி வாசித்தாராம். ரயில் பாதை போட்ட தாளத்தை ஓர் ஏழை நாட்டுப்புறத்தான் காகிதத் துண்டில் பிடித்துவிட்டான்.

பிற்பாடு அந்த ஓசையை நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். தண்டவாளங்களை ஒன்றோடொன்று பற்றவைத்து நீளமாக்கினோம். இணைப்புகள்தான் பாதையின் நோய்முனை. சக்கரம் அடித்து அடித்து முனை தேயும், கீழே ஜல்லி அமுங்கும், பட்டையில் விரிசல் விழும். பற்றவைத்தால் பயணிக்குப் பாதுகாப்பு, எங்களுக்குப் பராமரிப்புக் குறைவு. செய்ய வேண்டிய வேலை, செய்தோம். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் இன்னொரு தாளத்தையும் நான் நிறுத்தினேன். அதில்தான் வருத்தம். அதற்கு முன் இரண்டு கதைகள்.

போன பாட்டு திரும்பி வந்தது

கன்ட்ரி இசையின் ஒரு வேர் பிரிட்டனில்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்திலிருந்து பிழைக்கப் போன ஏழைக் குடும்பங்கள் தங்கள் கதைப் பாடல்களையும் வயலினையும் அமெரிக்க மலைப் பகுதிக்கு எடுத்துச் சென்றன. பாஞ்சோ வாத்தியம் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர் வழியாக வந்தது. இரண்டும் சேர்ந்த கலவை பல தலைமுறை கழித்துக் கடல் தாண்டித் திரும்பியது. லோனி டோனகன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1954இல் பதிவு செய்து 1956இல் பிரிட்டன் முழுவதும் ஒலித்த பாட்டு, ராக் ஐலண்ட் என்ற அமெரிக்க ரயில் பாதையைப் பற்றியது. அதைக் கேட்ட பையன்கள் தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டி வாசிக்க ஆரம்பித்தார்கள். துணி துவைக்கும் பலகையைச் சுரண்டித் தாளம் போட்டார்கள். ஜான் லெனன் என்ற பையன் 1956இல் தொடங்கிய குழுவும் அப்படித்தான் பிறந்தது. முதலில் அடுத்தவர் பாட்டு. பிறகு சொந்தப் பாட்டு. அதன் பிறகு பீட்டில்ஸ் கதை உலகறிந்தது.

கன்ட்ரி இசையில் மட்டும் பிரிட்டிஷ்காரர்கள் வெகு காலம் இரவல் வாங்குகிறவர்களாகவே பார்க்கப்பட்டார்கள். அமெரிக்கத் தொப்பி, அமெரிக்கப் பூட்ஸ், அமெரிக்கப் பாட்டு. 2015இல் 'தி ஷயர்ஸ்' என்ற ஜோடி சொந்தப் பாடல்களோடு வெளியிட்ட ஆல்பம் அங்கே முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. பிரிட்டிஷ் கன்ட்ரி குழு ஒன்றுக்கு அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு 'வார்ட் தாமஸ்' என்ற இரட்டைச் சகோதரிகளின் ஆல்பம் முதலிடத்துக்கே போனது. நான் பார்த்த ஊர்க் குழு அவ்வளவு பெரியதல்ல. ஆனால் வாசல் மேஜையில் இருந்த அந்த ஆல்பத்தில் அவர்கள் ஊர்ப் பெயர் இருந்தது.

தூத்துக்குடியில் கேட்ட துள்ளிசை

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன என்கிறீர்களா? நம் கதைக்கு வருகிறேன்.

என் சிறு வயதில் எங்கள் தெரு டீக்கடையில் இலங்கை வானொலிதான். திருச்சி வானொலியைவிடத் தெளிவாகக் கேட்கும். எழுபதுகளில் ஒரு நாள் அதில் ஒரு பாட்டு வந்தது. சினிமாப் பாட்டு இல்லை. தமிழ்தான், ஆனால் யாழ்ப்பாணத்துத் தமிழ். 'சின்ன மாமியே' என்று தொடங்கும் கிண்டல் பாட்டு. கேட்ட மாத்திரத்தில் கால் துள்ளியது. டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டார். அதை எழுதிப் பாடியவர் நித்தி கனகரத்தினம். இலங்கைத் தமிழர் அவரைத் தமிழ் பொப் இசையின் தந்தை என்பார்கள். அந்தப் பாட்டு அறுபதுகளின் பிற்பகுதியில் பிறந்தது. அந்த வகைப் பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'துள்ளிசை'. இதைவிட நல்ல பெயர் உண்டா சொல்லுங்கள்!

பிறகு ஏ.ஈ. மனோகரன் வந்தார். நம் ஊரில் சிலோன் மனோகர் என்று சொன்னால்தான் தெரியும். 'சுராங்கனி' பாடாத கல்லூரிச் சுற்றுலா பஸ் அந்நாளில் உண்டா? சிங்களப் பாட்டு அது. தமிழ்நாட்டுப் பையன்களுக்குப் பொருள் தெரியாது. மீன் வாங்கி வந்த சமாசாரம் என்று தெரியாமலே காதல் பாட்டு என்று நினைத்து உருகியவர்களில் நானும் உண்டு. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

இந்தத் துள்ளிசையின் தாளம் எங்கிருந்து வந்தது? பைலாவிலிருந்து. போர்த்துகீசிய மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆட்டத்தோடு உறவு. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துகீசியர், அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர், உள்ளூர் மக்கள் எல்லோரும் கலந்து உருவான ஆறு அடித் தாளம் அது. 1658இல் டச்சுக்காரர் போர்த்துகீசியரை விரட்டிவிட்டார்கள். ஆட்சி போயிற்று, தாளம் போகவில்லை. மட்டக்களப்பில் தச்சுவேலையும் கொல்லுவேலையும் செய்த போர்த்துகீசியப் பறங்கியர், தமிழர் நடுவில் தமிழ் பேசி வாழ்ந்தும், கல்யாண வீட்டில் அந்த ஆட்டத்தை விடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் வாலி பாஸ்டியன்ஸ் என்ற போலீஸ்காரர் சிங்களத்தில் பைலா எழுதிப் பரப்பினார். சிங்கள இளைஞர்கள் மேஜையைத் தட்டி அவற்றைப் பாட, தமிழ் இளைஞர்கள் கைகட்டி நிற்பானேன்? தமிழிலேயே எழுதினார்கள். மாமியை எழுதினார்கள், கள்ளுக்கடையை எழுதினார்கள், தங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார்கள்.

இது நல்ல தமிழா என்று அன்று முகம் சுளித்த பெரியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் பிறகு அந்த மக்களுக்கு என்ன நேர்ந்தது என்று நமக்குத் தெரியும். 1983க்குப் பிறகு லண்டன், டொரண்டோ, பாரிஸ் என்று சிதறினார்கள். நித்தி கனகரத்தினமும் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். வீடு போயிற்று, தோட்டம் போயிற்று. டொரண்டோ கல்யாண மண்டபத்தில் அந்த ஆறு அடித் தாளம் கேட்டால் மட்டும் தாத்தாவும் பேத்தியும் இன்றும் எழுந்து ஆடுகிறார்கள். பெட்டியில் வைக்காமலே கொண்டுபோன சாமான் அது.

நம் ஊர் மர்ஃபா

ஹைதராபாத்தில் இருபது வருடம் இருப்பவர்களுக்கு மர்ஃபா தெரியாமல் இருக்காது. கல்யாண ஊர்வலம் தெருவை அடைத்து நம்மை அரை மணி நேரம் நிறுத்தி வைக்கும்போது ஒரு மேளம் கேட்குமே, அதுதான். தோல் கருவிகளோடு உலோகப் பானையையும் தட்டுவார்கள். நிஜாமின் படையில் சேவகம் செய்ய வந்த அரபிகளும் ஆப்பிரிக்கச் சித்திகளும் கொண்டுவந்த தாளம். மாசாப் டாங்க் பக்கம் 'ஏ.சி. கார்ட்ஸ்' என்று ஒரு பேட்டை இருக்கிறதல்லவா? குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'ஆஃப்ரிக்கன் கேவல்ரி கார்ட்ஸ்', ஆப்பிரிக்கக் குதிரைப்படை. பார்கஸ் என்ற பேட்டைக்கு அந்தப் பெயர் 'பாரக்ஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது.

குதிரைப்படை போய்விட்டது. தாளம் இருக்கிறது. இன்று இந்துக் கல்யாணத்திலும் முஸ்லிம் கல்யாணத்திலும் ஆடுகிறார்கள். தேர்தலில் ஜெயித்தவர் வீட்டு வாசலிலும் ஆடுகிறார்கள். பிழைக்க வந்தவன் கொண்டுவந்த தாளம், ஊரின் தாளமாகிவிட்டது.

நாமும் பிழைக்க வந்தவர்கள்தான். நாம் என்ன கொடுத்தோம்? இட்லி, ஃபில்டர் காபி, கணக்கு வாத்தியார். பாட்டு?

நான் வெட்டிய பாட்டு

2006 பொங்கல். அப்போது நான் இருந்த ஒரு தமிழ் அமைப்பில் (பெயர் வேண்டாம், குற்றம் அமைப்பினுடையதல்ல, என்னுடையது) கலைநிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு. நான்கு பையன்கள் வந்தார்கள். மல்காஜ்கிரியில் ஒருவன், தார்நாகாவில் இருவர், மாரேட்பள்ளியில் ஒருவன். எல்லோரும் இங்கேயே பிறந்தவர்கள். கிடார், கீபோர்டு, ஒரு பறை. நான்காமவன் கையில் எவர்சில்வர் குடம்.

"அங்கிள், நாங்களே எழுதின பாட்டு" என்று வாசித்துக் காட்டினார்கள். கோடை விடுமுறைக்குச் சார்மினார் எக்ஸ்பிரஸில் பாட்டி ஊருக்குப் போகிற கதை. வெயிட்டிங் லிஸ்ட், தயிர்சாதப் பொட்டலம், டி.டி.ஈ.யிடம் அப்பா தெலுங்கில் கெஞ்சுவது, சென்னையில் இறங்கியதும் உறவுக்காரப் பையன்கள் "உன் தமிழ் என்னடா இப்படி இருக்கு" என்று சிரிப்பது, எல்லாம் அதில் இருந்தது. நடுநடுவே தெலுங்கும் தக்காணி இந்தியும் கலந்திருந்தன. தாளத்தில் ரயிலும் இருந்தது, மர்ஃபாவும் இருந்தது. குடத்தைத் தட்டியவன் இரட்டைத் தட்டைச் சரியாகப் பிடித்திருந்தான்.

என் கால் அன்றும் தட்டியது. அதுதான் என்னை உறுத்துகிறது. காலுக்குத் தெரிந்தது தலைக்குத் தெரியவில்லை.

"தம்பி, பொங்கல் விழாவில் கலப்படத் தமிழ் வேண்டாம். நல்ல சினிமாப் பாட்டு ஒன்று எடுத்து ஆடுங்கள்" என்றேன். மேடையில் குழந்தைகள் பேசும் தமிழ் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. தண்டவாள இணைப்பைப் பற்றவைப்பதுபோல் இதையும் பற்றவைத்துவிட்டேன். பையன்கள் வாதாடவில்லை. "சரி அங்கிள்" என்றார்கள். கேசட் போட்டு ஒரு சினிமாப் பாட்டுக்கு இரண்டு பேர் ஆடினார்கள். கைதட்டல் கிடைத்தது. அந்தக் குடம் தட்டிய பையன் அதன் பிறகு தமிழ் நிகழ்ச்சி எதற்கும் வரவில்லை.

2023இல் மல்காஜ்கிரியில் ஒரு கல்யாணம். வெளியே மர்ஃபா முழங்கிக்கொண்டிருந்தது. தாடி வைத்த ஒருவர் வந்து, "அங்கிள், என்னைத் தெரியுதா?" என்றார். அதே பையன். இப்போது அவருக்கே ஏழு வயதில் பெண் குழந்தை. நலம் விசாரித்தபின் நானே கேட்டேன்: "அந்த ரயில் பாட்டு இருக்கா தம்பி?"

அவர் யோசித்தார். "வார்த்தை மறந்துபோச்சு அங்கிள். எழுதி வெச்ச நோட்டு வீடு மாறும்போது போயிடுச்சு. மெட்டு மட்டும் கொஞ்சம் ஞாபகம் இருக்கு." சொல்லிவிட்டு இரண்டு விரலால் மேஜையைத் தட்டி முனகினார். பெண் குழந்தை அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றது. "என்ன பாட்டுப்பா?" என்று தெலுங்கில் கேட்டது.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. இருநூறு பேர் முன்னால் ஒரே ஒரு தரம் பாடப்பட்டிருந்தால், யாராவது ஒருவருக்கு ஓர் அடியாவது நினைவிருந்திருக்கும். காஜிபேட்டைப் பற்றிய பாட்டு ஏன் இல்லை என்று அந்த டிரைவர் கேட்டார். இல்லாமல் போனது எப்படி என்று எனக்குத் தெரியாது. சார்மினார் எக்ஸ்பிரஸைப் பற்றிய பாட்டு இல்லாமல் போனது எப்படி என்று எனக்குத் தெரியும்.

ஒரு வேண்டுகோள்

சுத்தத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருக்குறள் ஒப்புவித்தலும் தேவாரமும் இருக்கத்தான் வேண்டும். அவை நம் தலைக்கும் நெஞ்சுக்கும். காலுக்கும் ஒன்று வேண்டாமா? நம் பாட்டன்மார் வயலில் பாடிய தெம்மாங்கும், திருவிழாவில் ஆடிய ஒயிலாட்டமும் கும்மியும் அன்றைய ஊரைப் பற்றி அன்றே கட்டியவைதானே? நமக்கும் கன்ட்ரி இசை இருந்தது. நாட்டுப்பாடல் என்று அதற்குப் பெயர். நாடு மாறினால் பாட்டும் கொஞ்சம் மாறிக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஆகவே வரும் பொங்கல் விழாவில் கால் மணி நேரம் சொந்தப் பாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். விதிகள் மூன்றே: பாட்டு நீங்களே எழுதியதாக இருக்க வேண்டும், நாம் வாழும் இந்த ஊர் அதில் இருக்க வேண்டும், உட்கார்ந்திருப்பவர் கால் தட்ட வேண்டும். தெலுங்கு கலந்தால் பரவாயில்லை. இலக்கணம் பார்க்க ஆள் போட மாட்டோம். பாடும்போது யாராவது செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தை நம்ப வேண்டாம்.

அந்த மல்காஜ்கிரித் தம்பிக்கும் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். "பழசு வராது அங்கிள், வேணும்னா புதுசா எழுதலாம். என் பொண்ணு குடம் தட்டுவா" என்றார். "தட்டட்டும்" என்றேன். இரட்டைத் தட்டு எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் தயார். கடிகாரம் என்னிடம் இருக்கிறது.